பாடத்திட்டத் தாளுக்காக ஓர் ஆண்டு: பல்கலைக்கழகப் பதிவாளர்களுக்கும் துறைத் தலைவர்களுக்கும் திறந்த மடல்

மதிப்பிற்குரிய பதிவாளர்களே, துறைத் தலைவர்களே,

"பாடத்திட்ட விவரங்கள் பல்கலைக்கழகத்தின் உடைமை. முன்னாள் மாணவர்களுக்குத் தனித்தனியாக வழங்க இயலாது." பேச்சு, மொழிச் சிகிச்சையில் முதுகலை படிக்க வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கும் நம் பட்டதாரிகளுக்கு இப்படி இரண்டு வரி மின்னஞ்சல் வருவது வாடிக்கையாகிவிட்டது. பதிலே வராமல் போவது அதைவிட வாடிக்கை. டிசம்பரில் மூடும் விண்ணப்பத்துக்காகச் செப்டம்பரில் கேட்ட தாளைப் பிப்ரவரியில் நீட்டினால் அதை வைத்து என்ன செய்வது? அந்தப் பட்டதாரிக்கு ஓர் ஆண்டு போய்விட்டது.

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் இத்தகைய விண்ணப்பங்களைச் சரிபார்த்துக் கொடுக்கும் சிறு குழு நாங்கள். கட்டணம் வாங்குவதில்லை. எங்களிடம் வருபவர்களில் பெரும்பாலோர் உளவியல், மொழியியல், தமிழ், கல்வியியல் பட்டதாரிகள். மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் 1995-இல் தொடங்கிய நான்காண்டு இளங்கலைதான் இந்த நாட்டில் இத்துறைக்கு முதல் வாசல். வேறு பட்டம் முடித்த பிறகு இத்துறையை நாடுகிறவர்கள் மறுபடியும் நான்கு ஆண்டு இளங்கலையில் உட்காராமல், அமெரிக்கா, ஆஸ்திரேலியா, பிரிட்டனில் இருக்கும் இரண்டாண்டு முதுகலையைத் தேடிப் போகிறார்கள். புள்ளி குறைந்ததால் இடம் கிடைக்காதவர்களுக்காக உங்களிடம் முறையிட எங்களுக்கு எதுவும் இல்லை. புள்ளி இருந்தும், உங்கள் அலுவலகம் மட்டுமே தரக்கூடிய தாள் இல்லாமல் நின்றுபோனவர்களுக்காகவே இதை எழுதுகிறோம்.

இதில் யாருக்கு நட்டம் என்பதையும் சொல்லிவிடுகிறோம். செந்தூலிலோ பட்டர்வொர்த்திலோ தமிழ்ப்பள்ளியின் பாலர் வகுப்பில் இருக்கும் ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். நாலரை வயது. "பழம்" என்று சொல்லாமல் "பளம்" என்கிறது. "காக்கா பறக்குது" என்பது அதன் வாயில் "தாத்தா பறத்துது" ஆகிறது. முதலாவது குறையே அல்ல, அந்த வீட்டில் அப்பாவும் பாட்டியும் அப்படித்தான் பேசுகிறார்கள். இரண்டாவது, நாக்கின் பின்பகுதியில் பிறக்கவேண்டிய ஒலி முன்னால் வந்துவிடுவது. சின்னப் பிள்ளைகள் பலரிடம் இருந்து தானாக மறைவதுதான், ஆனால் இந்த வயதிலும் நீடித்தால் கவனிக்கவேண்டும். வீட்டில் சிரித்துவிட்டு விட்டுவிடுவார்கள். தமிழ் தெரியாத நிபுணர் இரண்டையும் ஒரே பிழைக் கணக்கில் எழுதலாம், அல்லது இரண்டையுமே "வேற்றுமொழி உச்சரிப்பு" என்று தள்ளிவிடலாம். ஆங்கிலச் சோதனையை வரிக்கு வரி தமிழாக்கிக் கேட்டாலோ இன்னும் மோசம். படத்தைக் காட்டி "ரெண்டு..." என்று நிறுத்தினால் பிள்ளை "பூனை" என்று முடிக்கும். பேச்சுத் தமிழில் அது சரி. எண் சொன்ன பிறகு "கள்" தேவையில்லை. சோதனைத் தாளோ பன்மை விகுதி இல்லை என்று பூஜ்யம் போடும். இதைப் பார்த்த மாத்திரத்தில் பிடிக்கக்கூடிய ஒருவர்தான் உங்கள் முகப்பில் பாடத்திட்டத் தாளுக்கு வரிசையில் நிற்கிறார்.

இனி அந்தத் தாள் எதற்கு என்பதற்கு வருகிறோம். உங்கள் அலுவலகத்தில் பலருக்கு இது தெரியாது என்றே நினைக்கிறோம், தெரிந்தால் அந்த இரண்டு வரிப் பதில் வந்திருக்காது.

அமெரிக்கப் பேச்சு-மொழி-செவிச் சங்கமான ஆஷாவின் சான்றிதழ் பெற உயிரியல், புள்ளியியல், சமூக அல்லது நடத்தை அறிவியல், இவற்றோடு இயற்பியல் அல்லது வேதியியல் ஆகியவற்றைப் படித்திருக்கவேண்டும். முதுகலைத் துறைகள் பலவும் இதை நுழைவிலேயே பார்க்கின்றன. புள்ளியியல் தனிப் பாடமாக இருக்கவேண்டும் என்பது விதி. இங்கேதான் நம் மாணவர் மாட்டிக்கொள்கிறார். சமூக அறிவியல் பட்டத்தில் "ஆய்வு முறையியல்" என்ற பெயரில் ஒரு பாடம் இருக்கும். அதன் 14 வாரத்தில் பாதிக்கு மேல் திட்டவிலக்கம், டி-சோதனை, கை-வர்க்கம், ஒட்டுறவு என்று புள்ளியியலே நடந்திருக்கும். ஆனால் மதிப்பெண் பட்டியலில் மலாயில் "காயிடா பெனியெலிடிக்கான்" என்ற இரண்டு சொல், ஒரு பாடக் குறியீடு, "3", "ஏ மைனஸ்" ஆகியவை மட்டுமே இருக்கின்றன. வாரவாரியான பாடத்திட்டம் கையில் இருந்தால் அதைத் துறைக்கு அனுப்பி, ஏற்கிறீர்களா, கூடுதலாக ஒரு பாடம் எடுக்கவேண்டுமா என்று முன்கூட்டியே கேட்கலாம். ஏற்பதும் மறுப்பதும் அவர்கள் முடிவு. தாளே இல்லை என்றால் அவர்களுக்கு மறுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அந்த "3" என்ற கிரெடிட் எண்ணையும் விளக்கவேண்டும். மலேசியக் கட்டமைப்பில் ஒரு கிரெடிட் என்பது மாணவரின் 40 மணி நேரக் கற்றல், அதில் விரிவுரை, டுட்டோரியல், சொந்தப் படிப்பு எல்லாம் அடக்கம். வெளிநாட்டு மதிப்பீட்டாளர் தேடுவது வகுப்பறை நேரம் எவ்வளவு, ஆய்வகம் எவ்வளவு என்பதை. மதிப்பெண் பட்டியலின் பின்பக்கத்தில் ஒரு பத்தி அச்சிட்டால் தீரும் விஷயம் இது. சில பல்கலைக்கழகங்கள் செய்கின்றன, சில செய்வதில்லை. செய்யாததற்குக் காரணம் எங்களுக்கு விளங்கவில்லை.

கலைப்பிரிவில் வந்தவர்களின் நிலை இன்னும் இக்கட்டானது. தமிழ் ஒலியியலை முறையாகப் படித்தவர்கள் அவர்கள்தான், இத்துறைக்கு அவர்களைவிடப் பொருத்தமானவர்கள் யார்? ஆனால் உயிரியலும் இயற்பியலும் படிவம் நான்கிலேயே கைநழுவிப் போயிருக்கும். இரண்டாம் ஆண்டில் விழித்துக்கொண்டு அறிவியல் புலத்தில் ஒரு அறிமுக உயிரியல் பாடத்தை விருப்பப் பாடமாகக் கேட்டால், "உங்கள் புலத்தின் பட்டியலில் இல்லை" என்று பதில் வருகிறது. இருக்கை காலியாக இருக்கும் வகுப்பு, கேட்பவர் கட்டணம் செலுத்தும் மாணவர், தடையோ கணினியில் இல்லாத ஒரு குறியீடு.

அடுத்தது பெயர். இதில் அடிபடுவது பெரும்பாலும் நம் பிள்ளைகள்தான். ஓர் உதாரணப் பெயரை எடுத்துக்கொள்வோம்: கவிதா ஏ/பி முருகன். ஏ/பி என்பது மலாயில் "இன்னாரின் மகள்" என்பதன் சுருக்கம், மகனுக்கு ஏ/எல். மலேசியக் கடப்பிதழில் பெயர் முழுவதும் ஒரே கட்டம், குடும்பப் பெயர் என்று தனியாக ஒன்று கிடையாது. வெளிநாட்டு விண்ணப்பத் தளங்களோ இரண்டு கட்டம் கேட்கின்றன. சாய்கோட்டைத் தட்டினால் பல தளங்கள் ஏற்பதில்லை. ஆக, ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு முடிவில் "கவிதா ஏபி முருகன்", விண்ணப்பத்தில் "முருகன், கவிதா", உங்கள் மதிப்பெண் பட்டியலில் "கவிதா முருகன்", பட்டச் சான்றிதழில் மறுபடியும் சாய்கோட்டோடு. நான்கு தாளிலும் ஒரே ஆள் என்று நமக்குத் தெரியும், சான்றிதழ் மதிப்பிடும் நிறுவனத்தின் கணினிக்குத் தெரியாது. கோப்பு நிறுத்திவைக்கப்படும். ஏபி என்பதையே குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு "அன்புள்ள மிஸ் ஏபி" என்று கடிதம் வருவதும் உண்டு. அதில் சிரிக்கவாவது இடமிருக்கிறது.

1960-ஆம் ஆண்டு சத்தியப் பிரமாணச் சட்டத்தின்படி ஆணையர் முன்னிலையில் ஒரு பிரமாணப் பத்திரம் எடுத்துக்கொள்ளலாம், அதை நாங்களே சொல்லி எடுக்கவைக்கிறோம். ஆனால் அது விண்ணப்பதாரர் தன்னைப் பற்றித் தானே சொல்வது. பட்டம் வழங்கிய இடத்தின் முத்திரையோடு ஒரு கடிதம் போனால் அதன் எடை வேறு. கடப்பிதழ் எண், நான்கு எழுத்துவடிவம், "இவை ஒருவரையே குறிக்கும்" என்ற ஒரு வாக்கியம். அரைப் பக்கம்கூட வராது.

காலக்கணக்கு எல்லாவற்றையும் இறுக்குகிறது. அமெரிக்காவில் பெரும்பாலான துறைகள் சிஎஸ்டிகாஸ் என்ற பொதுத் தளம் வழியாக விண்ணப்பம் வாங்குகின்றன. ஆண்டின் நடுவில் திறந்து, துறைக்குத் துறை மாறி டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள் மூடும். வெளிநாட்டுப் பட்டம் என்றால் பாடவாரியான மதிப்பீடும் கேட்பார்கள், வெஸ் போன்ற நிறுவனங்கள் அதைச் செய்கின்றன. அந்த மதிப்பீட்டுக்குத் தாள்கள் மாணவர் கையிலிருந்து போனால் செல்லாது. உங்கள் அலுவலகத்திலிருந்து நேராக, உறையை மூடி ஒட்டிய இடத்தின் மேல் முத்திரையிட்டு, அல்லது மின்னணு முறையில் போகவேண்டும். விண்ணப்ப எண்ணை உறையின் மேல் எழுதாமல் அனுப்பினால் அங்கே போய்ச் சேர்ந்த உறை யாருடைய கோப்பில் சேரும் என்று சொல்வதற்கில்லை. இங்கே இறுதிப் பருவ முடிவு ஜூலை, ஆகஸ்டில் வருகிறது. பட்டமளிப்பு விழாவோ அக்டோபர், நவம்பர். "சான்றிதழ் விழாவில்தான் தருவோம்" என்கிறது முகப்பு. அதுவரை, பட்டம் உறுதியானதைச் சொல்லும் செனட் ஒப்புதல் கடிதம் போதும், ஆனால் அதைக் கேட்டால்தான் தருகிறீர்கள், கேட்கவேண்டும் என்று மாணவருக்குத் தெரிவதில்லை. விழா முடிந்த பிறகு தாள் கிளம்பினால் மதிப்பீடு முடிவதற்குள் ஜனவரி ஆகிவிடும்.

இதில் இன்னொரு கடிகாரமும் ஓடுகிறது. ஐஇஎல்டிஎஸ் முடிவு இரண்டு ஆண்டுதான் செல்லும். பேச்சுச் சிகிச்சைக்கு அளவுகோல் மற்ற மருத்துவத் துணைத் துறைகளைவிட உயரம். பிரிட்டனில் இத்தொழில்களைப் பதிவு செய்யும் அமைப்பான எச்சிபிசி மற்றவர்களுக்கு 7.0 கேட்கும் இடத்தில் இவர்களுக்கு மொத்தம் 8.0, எந்தப் பிரிவிலும் 7.5-க்குக் குறையக்கூடாது என்கிறது. எழுத்துப் பிரிவில் 7.5 எடுக்க நம் பிள்ளைகள் படும் பாடு கொஞ்சமல்ல. தாள் தாமதமாகி ஓர் ஆண்டு தள்ளிப்போனால், அடுத்த சுற்றில் அந்த முடிவும் காலாவதியாகும் நிலைக்கு வந்துவிடும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்களே, இங்கே பூசாரி உங்கள் முகப்பில் உட்கார்ந்திருக்கிறார்.

பரிந்துரைக் கடிதம் பற்றித் துறைத் தலைவர்களிடம் பேசவேண்டும். சிஎஸ்டிகாஸ் விண்ணப்பங்களுக்குப் பொதுவாக மூன்று கடிதம். அவற்றை மாணவர் கையில் கொடுத்தனுப்ப முடியாது. தளமே விரிவுரையாளருக்கு மின்னஞ்சல் அனுப்பும், அதிலுள்ள இணைப்பில் நுழைந்து தரவரிசைக் கேள்விகளுக்குப் பதில் குறித்துக் கடிதத்தை ஏற்றவேண்டும். அந்த மின்னஞ்சல் குப்பைப் பெட்டியில் விழுவதுதான் முதல் விபத்து. ஒப்பந்த விரிவுரையாளர் வேலை மாறிப் போனதும் பல்கலைக்கழக முகவரி மூடப்படுவது இரண்டாவது. சொந்த ஜிமெயில் முகவரியிலிருந்து எழுதினால் தேர்வுக் குழு சந்தேகப்படுகிறது. இவை எல்லாவற்றையும் தாண்டிப் போய்ச் சேரும் கடிதம் என்ன சொல்கிறது? "சம்பந்தப்பட்டவர்களுக்கு: இவர் ஒழுக்கமானவர், கடின உழைப்பாளி, பழக இனியவர்." திருமணத் தரகருக்குப் போதும், தேர்வுக் குழுவுக்குப் போதாது. அவர்கள் தேடுவது வேறு: வகுப்பில் எத்தனை பேரில் எத்தனையாவது, எந்தக் கட்டுரையில் எதை எப்படிப் பகுத்தார், திருத்தம் சொன்னால் அடுத்த வாரம் மாறி வந்தாரா, பிள்ளைகளோடும் முதியவர்களோடும் நேரில் பழகும்போது எப்படி. "நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்" என்ற பழக்கம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. அது உதவி என்று நினைத்துச் செய்யப்படுவதுதான். ஆனால் மூன்று கடிதமும் ஒரே நடையில், ஒரே சொற்களில் போனால் படிப்பவர் கண்டுபிடித்துவிடுவார், பாதிப்பு மாணவருக்கு.

போதனா மருத்துவமனை உள்ள பல்கலைக்கழகங்களிடம் இன்னொன்று. சிகிச்சை அமர்வுகளைப் பார்வையிட்ட அனுபவம் விண்ணப்பத்தில் கேட்கப்படுகிறது. ஆஷா கணக்கில் மொத்தம் 400 மணி நேர மருத்துவப் பயிற்சி, அதில் 25 மணி நேரம் வழிகாட்டலோடு பார்வையிடல், மீதி 375 நேரடிச் சிகிச்சை. அந்த 25-இல் சேரவேண்டுமென்றால் வழிகாட்டுபவர் ஆஷா சான்றிதழ் பெற்றவராக இருக்கவேண்டும். ஆகவே இங்கே பார்வையிடும் நேரம் பெரும்பாலும் அந்தக் கணக்கில் சேராது. இதைத் தெரியாமல் சேர்ந்துவிடும் என்று நம்பிப் போகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனாலும் தேர்வுக் குழுவுக்கு அது முக்கியம், இந்த வேலை என்னவென்று பார்த்துத்தான் வருகிறாரா என்பதற்கு அதுவே சாட்சி. கிடைக்கும் கடிதங்களில் "மூன்று வாரம் எங்கள் பிரிவில் இருந்தார்" என்று இருக்கிறது. தேதி, எத்தனை நிமிடம், என்ன வகை (உச்சரிப்பு, மொழித் தாமதம், திக்குவாய், பக்கவாதத்துக்குப் பிந்தைய பேச்சிழப்பு, விழுங்கல் சிரமம்), பிள்ளையா பெரியவரா, அமர்வு எந்த மொழியில், பார்க்கவிட்ட நிபுணரின் பெயரும் பதிவு எண்ணும், இவை ஒரு அட்டவணையில் இருக்கவேண்டும். மருத்துவத் துணைத் தொழில்கள் சட்டம், அதாவது 2016-இன் 774-ஆம் சட்டம், 2020 முதல் நடப்புக்கு வந்த பிறகு நிபுணர்களுக்குப் பதிவு முறை இருக்கிறது, எண்ணைக் குறிப்பிடுவதில் சிரமம் இல்லை. நோயாளிகளின் அந்தரங்கத்தைக் காரணம் காட்டி மறுப்பதை நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் அதற்கு இரகசியக் காப்பு உறுதிமொழியும் பெற்றோரின் எழுத்து ஒப்புதலும் என்ற வழி இருக்கிறது. மருத்துவ மாணவர்களுக்கு அந்த வழி திறந்திருக்கும்போது இவர்களுக்கு மட்டும் ஏன் மூடியிருக்கிறது?

நாங்கள் கேட்பவை இவை.

பாடத்திட்டம் கேட்டு விண்ணப்பித்தால், பல்கலைக்கழகத்தின் பெயர் அச்சிட்ட தாளில், ஆங்கிலத்தில், வாரவாரித் தலைப்புகளோடும் வகுப்பறை, ஆய்வக நேரங்களோடும், 14 வேலை நாளுக்குள் கொடுங்கள். அந்த ஆண்டு நடத்தப்பட்ட பாடத்திட்டமாக அது இருக்கவேண்டும், இன்றைய திருத்திய பதிப்பு அல்ல. நியாயமான கட்டணம் வாங்கிக்கொள்ளுங்கள், யாரும் இலவசமாகக் கேட்கவில்லை. ஒரு கிரெடிட்டுக்கு எத்தனை மணி என்ற விளக்கத்தை மதிப்பெண் பட்டியலின் பின்பக்கத்தில் அச்சிடுங்கள்.

ஏ/எல், ஏ/பி உள்ள பெயர்களுக்கு, எல்லா வடிவமும் ஒருவரையே குறிக்கும் என்ற கடிதத்தின் மாதிரி ஒன்றைத் தயாராக வைத்து, கேட்ட அன்றே கொடுங்கள். அதைவிட, மதிப்பெண் பட்டியலிலும் பட்டச் சான்றிதழிலும் கடப்பிதழில் உள்ளபடியே ஒரே வடிவத்தில் பெயரை அச்சிட்டால் அடுத்த தலைமுறைக்குக் கடிதமே தேவைப்படாது.

செனட் ஒப்புதல் கடிதத்தை முடிவு வெளியான உடனே இறுதியாண்டு மாணவர் அனைவருக்கும் அனுப்புங்கள். வெளிநாட்டு மதிப்பீட்டு நிறுவனங்களுக்கு நேரடியாகத் தாள் அனுப்ப ஒரு அதிகாரியை நியமித்து, அவருடைய மின்னஞ்சல் முகவரியை இணையப் பக்கத்தில் போடுங்கள். அனுப்பிய தேதியையும் கண்காணிப்பு எண்ணையும் மாணவருக்குத் தெரிவியுங்கள்.

துறைத் தலைவர்கள், பரிந்துரைக் கடிதம் எழுதுவதை விரிவுரையாளரின் பணிச்சுமைக் கணக்கில் சேருங்கள், அப்போதுதான் அவரே எழுதுவார். விலகிச் செல்லும் விரிவுரையாளரின் முகவரி ஓராண்டாவது உயிரோடு இருக்கட்டும். கலைப்பிரிவு மாணவர் உயிரியல், இயற்பியல், புள்ளியியல் அறிமுகப் பாடங்களை விருப்பப் பாடமாக எடுக்கப் புலங்களுக்கிடையே வழி திறந்துவிடுங்கள்.

போதனா மருத்துவமனைகள் பார்வையாளருக்கு மாதத்தில் சில இடமாவது ஒதுக்கி, மேலே சொன்ன அட்டவணையோடு கடிதம் தாருங்கள். தமிழில் நடக்கும் அமர்வுகள் இருந்தால் அவற்றுக்குத் தமிழ் தெரிந்த பார்வையாளரை முதலில் அழையுங்கள்.

அடுத்த அமெரிக்கச் சுற்று ஆண்டின் நடுவில் திறக்கிறது. ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்கு ஆண்டின் இரண்டாம் பாதியிலேயே கடைசித் தேதிகள் வந்துவிடும். அதற்கு முன், இவற்றில் எதைச் செய்வீர்கள், எதைச் செய்ய இயலாது, இயலாததற்கு என்ன விதி தடை என்று எழுத்தில் பதில் தாருங்கள். எங்களிடம் இந்த ஆண்டு கோப்புகளோடு காத்திருப்பவர்களுக்கு அதை அப்படியே படித்துக்காட்டுவோம்.

இப்படிக்கு,
முதுகலை விண்ணப்ப உதவிக் குழுவினர்
கோலாலம்பூர், பினாங்கு